கையால் ஒரு இலை தொடாதவள்

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
9-2-1958

சௌபாக்கியவதி கோமளத்துக்கு மாமா முனிகிருஷ்ணன் ஆசீர்வாதம் பல. இங்கே நான் கல்லுமாதிரி இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதை வியாதியில் சேர்க்கவேண்டாம். குடியாத்தத்தில் நீயும், குழந்தை சந்திராவும், என் அக்கா சின்னத்தாயியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

உன் புருஷன் ராஜேந்திரன் உன்னையும் மூன்று வயசுக் குழந்தையையும் ரயில் ஏற்றிவிட்டு ஆறு மாசமாகத் தம்பிடி அனுப்பவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். படித்துவிட்டுச் சிரித்தேன். கோபம் வரவேண்டுமானால் எதிரே ஒரு ஆள் இருக்கவேண்டும். இவன் ஆளா? பேக்டரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை திருகாணி திருகுகிற ஜென்மம். சம்பந்தம் பேச நான் தொம்மலூருக்குப் போனபோது அவன் வீட்டில் டம்ளரில் பாதி காப்பி கொடுத்தார்கள். அன்றைக்கே எனக்குத் தெரியும், இது பாதி டம்ளர்க் குடும்பம் என்று.

நீ கவலைப்படாதே. வக்கீல் ஸ்ரீகண்டன் என்று ஒருவர். பேரைச் சொன்னால் மாஜிஸ்திரேட்டுகளுக்கு வேர்க்கும். அவருக்கு எங்கள் கவர்மெண்ட் கச்சேரியில் அடிக்கடி காரியம். கச்சேரிக்கு யார் வந்தாலும் முதலில் என்னைத்தான் பார்க்கவேண்டும், நான் தலையசைத்தால்தான் சூப்பிரண்டெண்டு அறைக்குள்ளே போகலாம், அது உனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னேன், பாதி பீசுக்கு ஒப்புக்கொண்டார். புருஷன் வசிக்கிற ஊரிலேயே மனு போடலாமாம், நானூற்று எண்பத்தெட்டாம் செக்‌ஷன். மாசாமாசம் ஜீவனாம்சம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் ஜெயில். பயலுக்கு ஜெயில் களி நன்றாக ஒத்துக்கொள்ளும், அங்கே முழுசாகக் கொடுப்பார்களாம்.

இப்படிக்கு, கச்சேரியில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் உன் மாமா
முனிகிருஷ்ணன்


குடியாத்தம்
21-2-1958

மாமாவுக்கு கோமளம் வணக்கம். அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நம்பிவிடுவீர்கள், ஆகையால் எழுதிவிடுகிறேன். சந்திராவுக்கு இருமல்.

வக்கீல் அனுப்பின காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். நானும் அம்மாவும் இருக்கிற ஒரே அறையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். புகையிலைத் தூள் சோற்றுப்பானை வரைக்கும் வருகிறது. வீட்டில் புகையிலை இருக்கிறவரை இந்தக் குழந்தைக்கு மருந்து கொடுப்பது தண்டம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஜீவனாம்சம் வந்தால் நான் பீடி முறத்தைத் தூக்கி வெளியே வைப்பேன். அவ்வளவுதான். அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை.

பாதி காப்பி கொடுத்த அன்றைக்கே தெரியும் என்கிறீர்கள். அன்றைக்கே தெரிந்ததை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எங்களிடம் வந்து மாப்பிள்ளை போர்மன் என்றீர்கள். அவர்களிடம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது, பெண்ணோடு தையல் மிஷின் வரும் என்றீர்கள். நாலு வருஷம் அந்த வீட்டில் என் பேரே நஞ்சை. சோறு போடும்போதெல்லாம் மாமியார், “நஞ்சை நெல்லு எப்போ வருதாம்?” என்பாள். கடைசியில், மிஷினோடு வருவதானால் வா என்றுதான் ரயில் ஏற்றினார்கள். வக்கீலிடம் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். ஒரு அங்குலமும் கூட்டவேண்டாம்.

கோமளம்


ஸ்ரீராம்புரம்
2-4-1958

சௌபாக்கியவதி கோமளத்துக்கு ஆசீர்வாதம். நான் சுகம், முழங்காலும் சுகம். சந்திராவுக்கு வெந்நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுக் கொடு. பெரிய டாக்டர்கள் எல்லாம் இதைத்தான் ரகசியமாகச் செய்கிறார்கள்.

அங்குலம் கூட்டவேண்டாமென்று எழுதினாய். நான் எங்கே கூட்டினேன்? உங்கள் தாத்தா ஏரிக்கரையில் குத்தகைக்கு உழுதது இரண்டு ஏக்கர் இருக்குமா இருக்காதா? உழுதவனுக்கில்லாத நிலம் யாருக்கு? தையல் மிஷின் நான் வாங்கித் தருவதாகத்தான் இருந்தது, மனசில். மனசில் இருந்ததைச் சொன்னால் பொய்யா?

மனு பதிவாகிவிட்டது. ராஜேந்திரனுக்கு சமன்ஸ் கொடுக்கப் போன கோர்ட்டு ஆளுக்கு வீடு காட்ட நானே தொம்மலூருக்குப் போனேன். பயல் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மாவு உதிர்ந்த வடைமாதிரி ஆகிவிட்டது. பேனாவைத் தலைகீழாகப் பிடித்தான். அவன் அம்மாக்காரி, பாதி டம்ளர் மகராசி, கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். தெருவே கூடி என்னை யார் என்று விசாரித்தது. சொன்னேன். வழிவிட்டார்கள்.

ஆகஸ்டு 11-ந் தேதி வாய்தா. அன்றைக்கு நீ வந்து சாட்சி சொல்லவேண்டும். அதற்குள் நடுவில் இருக்கிற வாய்தாக்களுக்கு ரயில் சார்ஜு செலவழித்து வராதே, நான் ஒருவன் நின்றால் போதும்.

கச்சேரிக் கதவின் சாவி போன்ற உன் மாமா
முனிகிருஷ்ணன்


ஸ்ரீராம்புரம்
6-5-1958

தொம்மலூர் ராஜேந்திரனுக்கு முனிகிருஷ்ணன் எழுதுவது. உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை.

நேற்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் உன் கூட்டாளிகள் நாலு பேர் எதிரே, பீடி சுத்தற பொம்பளைக்குக் கோர்ட்டு ஒரு கேடா, உங்கள் வம்சமே கை நீட்டற வம்சம் என்று சொல்லிச் சிரித்தாய். நான் பதில் பேசாமல் போனது பயத்தால் அல்ல. பஸ் கிளம்பிவிட்டது.

இப்போது தெரிந்துகொள். கோமளம் பீடி சுற்றுகிறவள் அல்ல, சுற்ற வைக்கிறவள். குடியாத்தத்தில் அவளுக்குச் சொந்தத்தில் பீடிக் கம்பெனி. பன்னிரண்டு பெண்கள் அவளிடம் கூலிக்கு வேலை செய்கிறார்கள். கையால் ஒரு இலையை அவள் தொடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து விரலை நீட்டினால் வேலை நடக்கிறது. கழுத்தில் புதுசாக நாலு சவரன். சந்திராவுக்கு இரண்டு வேளை பசும்பால். உன் சம்பளம் மொத்தமும் கொண்டுவந்து கொட்டினாலும் அவளுக்கு வெற்றிலைச் செலவுக்குக் காணாது. அவள் கோர்ட்டுக்கு வருவது உன் பிச்சைக் காசுக்கு அல்ல. உன்னைக் கூண்டில் நிற்கவைத்து வேடிக்கை பார்க்க.

இதை உன் கூட்டாளிகள் நாலு பேருக்கும் படித்துக் காட்டு. உனக்குப் படிக்க வராவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள்.

முனிகிருஷ்ணன்
கவர்மெண்ட் கச்சேரி


ஸ்ரீராம்புரம்
8-5-1958

சௌபாக்கியவதி கோமளத்துக்கு ஆசீர்வாதம். இங்கே மாங்காய் மழை பெய்து காற்று குளுகுளுவென்று இருக்கிறது, நானும் அப்படியே. அக்காவின் இடுப்பு வலி எப்படி?

ஒரு சந்தோஷ சமாசாரம். திங்கட்கிழமை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பயலைப் பார்த்தேன். கூடவே நாலு சோம்பேறிகள். உன்னைப் பற்றி என்னவோ வாயைத் திறந்தான். முழுசாகத் திறக்க நான் விடவில்லை. விட்டேன் ஒன்று. கறிக்கடைப் பக்கம் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின. நாலு பேரும் கை கட்டி நின்றார்கள். மிட்டாய்க் கடைக்காரர் எழுந்து வந்து, ஸ்வாமி போதும், செத்துவிடுவான் என்று என் கையைப் பிடித்தார். அவர் முகத்துக்காக விட்டேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. அவனோடு இனி எனக்குப் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை.

உன் கௌரவத்துக்குக் காவலாக
மாமா முனிகிருஷ்ணன்


குடியாத்தம்
14-8-1958

மாமாவுக்கு கோமளம். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாத நாலு சவரன்கூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பதினோராம் தேதி நான் கூண்டில் ஏறும்போது நீங்கள் முன் பெஞ்சில் சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவர் தரப்பு வக்கீல் சேஷகிரி ஒரு கடிதத்தை எடுத்ததும் எழுந்தீர்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கை காட்டினீர்கள். ஸ்ரீராம்புரம் போய்க் குடித்தீர்களா? நான் சாயங்கால ரயிலுக்குத் தனியாகத்தான் போனேன்.

சேஷகிரி கடிதத்தை உரக்கப் படித்தார். பன்னிரண்டு பெண்கள் என்று வந்தபோது கோர்ட்டில் சிரிப்பு. “முதலாளியம்மா, நாற்காலி போடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. உங்கள் மாப்பிள்ளையும் சிரித்தார், நாலு வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்ரீகண்டன் ஐயா என் விரல்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நகக்கண் எல்லாம் புகையிலைக் கறை. அதற்கு சேஷகிரி, தொழில் தெரிந்த முதலாளிக்கு இது இருக்கத்தான் செய்யும் என்றார். மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார்.

விட்டேன் ஒன்று என்று எழுதினீர்கள். விட்டது யார் கன்னத்தில் என்று இப்போது தெரிந்தது.

கோமளம்


ஸ்ரீராம்புரம்
28-9-1958

சௌபாக்கியவதி கோமளத்துக்கு மாமா ஆசீர்வாதம். ஆறு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் விஷக் காய்ச்சல். பிழைப்பது துர்லபம் என்று கச்சேரியில் எல்லோரும் கலங்கிவிட்டார்கள். சூப்பிரண்டெண்டே ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார். இப்போது எழுந்து உட்காருகிறேன்.

அந்தக் கடித விஷயம் கேள்விப்பட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னைப்போல எழுத பெங்களூரில் ஒருத்தன் பிறந்து வரவேண்டும். பயல் யாருக்கோ காசு கொடுத்து எழுதவைத்திருக்கிறான். ராஜேந்திரனுக்கு அவ்வளவு நடை ஏது? நான் அந்தக் காலத்தில் போர்த் பாரம் வரை படித்தவன், என் எழுத்தில் ஒரு பிடிப்பு இருக்கும். கள்ளக் கடிதம் என்று வக்கீலைச் சொல்லச் சொல், விஷயம் தீர்ந்தது. நான் கோர்ட்டுக்கு வந்து சொல்லவேண்டிய அவசியமில்லை. காய்ச்சல் உடம்பு.

சந்திராவுக்கு இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மாமா
முனிகிருஷ்ணன்


குடியாத்தம்
5-10-1958

மாமாவுக்கு கோமளம். காய்ச்சல் போனது பற்றி சந்தோஷம். உங்களிடமிருந்து கடிதம் வராமல் அம்மா ஒரு வாரம் உங்களுக்காக விளக்கேற்றினாள், நானும் எண்ணெய் ஊற்றினேன். அந்த எண்ணெய் தண்டம் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது.

உங்கள் கையெழுத்துக்குக் கீழே மூன்று கோடு இழுத்து நடுவில் புள்ளி வைப்பீர்களே, அது அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆறு வயசிலிருந்து நான் பார்க்கிற கோடு. கள்ளக் கடிதம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. செய்தால் ஒத்துப்பார்க்க உங்கள் மற்றக் கடிதங்களைக் கேட்பார்களாம்.

ஸ்ரீகண்டன் ஐயா சொல்கிறார், இருப்பது ஒரே வழி. நவம்பர் பத்தாம் தேதி நீங்கள் கூண்டில் ஏறி, எழுதினது நான், அத்தனையும் பொய் என்று சொல்லவேண்டும். சொன்னால் சேஷகிரி சும்மா விடமாட்டார். நஞ்சையைக் கேட்பார், மிஷினைக் கேட்பார், உங்கள் உத்தியோகத்தைக் கேட்பார். உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலைவிடக் கஷ்டம்.

நீங்கள் சொல்லாவிட்டால் கடிதம்தான் நிற்கும். மனு தள்ளுபடி. நானும் முறமும் இந்த அறையிலேயே இருக்கவேண்டியதுதான். நாங்கள் பீடி எண்ணும்போது சந்திரா இருமல் வந்தால் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொள்கிறாள், எங்களுக்கு எண்ணிக்கை தப்பிவிடும் என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வராவிட்டால் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். கோபம் வரவேண்டுமானால் எதிரே ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

கோமளம்


ஸ்ரீராம்புரம்
13-11-1958

சௌபாக்கியவதி கோமளத்துக்கு மாமா ஆசீர்வாதம். நீ பத்திரமாக ஊர் சேர்ந்ததற்கு எழுது. இங்கே நான் சுகம், தூக்கம் மட்டும் கொஞ்சம் பிடிக்கவில்லை.

பத்தாம் தேதி நீ பின்னால் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது, அதனால் நடந்ததை எழுதுகிறேன். நான் கூண்டில் ஏறியதும் மாஜிஸ்திரேட் என்னை ஒரு பார்வை பார்த்தார். மனுஷனை மனுஷன் தெரிந்துகொள்கிற பார்வை. முழங்கால் வலியோடு நிற்கிறாரே என்று நாற்காலி போடச் சொன்னார். வேண்டாம் ஸ்வாமி, நின்றுகொண்டே சொல்லுகிறேன் என்றேன். சேஷகிரி உத்தியோகத்தைக் கேட்டான், சொன்னேன். கடிதம் உன்னுடையதா என்றான், என்னுடையது என்றேன். அதற்குப் பிறகு அந்த ஆளுக்குக் கேட்க வகை தெரியவில்லை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டால் வக்கீலா? அவன் கோட்டுக்குப் பொத்தான்கூட இரண்டு வேறு வேறு நிறம், நான் கிட்டத்தில் பார்த்தேன்.

கடைசியில் சில்லறையாக இரண்டு கேள்வி கேட்டான். அதை எல்லாம் எழுதத் தேவையில்லை. ராஜேந்திரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கோர்ட்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உன் மாமா
முனிகிருஷ்ணன்


குடியாத்தம்
22-12-1958

மாமாவுக்கு கோமளம் வணக்கம். நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாக.

டிசம்பர் ஒன்றாம் தேதி உத்தரவு ஆகிவிட்டது. எனக்கும் சந்திராவுக்கும் சேர்த்து மாசம் நாற்பது ரூபாய் கட்டவேண்டும். முதல் மணியார்டர் வந்துவிட்டது. கூப்பனில், ‘பீடிக் கம்பெனி முதலாளியம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். கிழித்து அடுப்பில் போட்டேன்.

பின் பெஞ்சில் எனக்கு எல்லாம் கேட்டது. நாற்காலி யாரும் போடவில்லை. பொத்தான் இரண்டும் ஒரே நிறம். சேஷகிரி உங்கள் உத்தியோகத்தைக் கேட்டபோது மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது. மூன்றாம் தடவைதான் “டவாலி” என்றீர்கள். தோளில் பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, பெரியவர்களுக்குக் கதவு திறக்கிறவன் என்று அவரே விளக்கிச் சொல்லி, சரிதானே என்றார். சரி என்றீர்கள். படிப்பு மூன்றாம் வகுப்பு. நஞ்சை இல்லை. மிஷின் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அடித்ததும் இல்லை, அதை உங்கள் மாப்பிள்ளையே எழுந்து சொன்னார், நீங்கள் ஆமாம் என்றீர்கள். ஒவ்வொன்றுக்கும் கோர்ட்டு சிரித்தது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. நாலு வருஷம் என்னை நஞ்சை என்று கூப்பிட்டார்கள் மாமா, அதை நீங்கள் ஒரு நாள் கூண்டில் நின்று கழித்துவிட முடியாது.

ஆனால் சில்லறைக் கேள்வி என்று நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். சேஷகிரி கடைசியாக, “இதெல்லாம் சுள்ளா?” என்று கன்னடத்தில் கேட்டார். சுள்ளுதான் ஸ்வாமி, அவ்வளவும் பொய் என்றீர்கள். உடனே அவர் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தால் பொய் சொல்கிற இந்த ஆள் இன்றைக்குச் சொல்வதை மட்டும் எதற்காக நம்பவேண்டும் என்றார்.

நீங்கள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்.

“நான் பொய் சொன்னா என்னைப் பெரிசாக்கித்தான் ஸ்வாமி சொல்வேன். சின்னதாக்கி இதுவரைக்கும் சொன்னதே இல்லை.”

அப்போது யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி உங்களைப் பார்த்தார். நிஜமாகவே ஒரு பார்வை பார்த்தார். இருக்கிற ஒரே நிஜப் பெருமையை எழுதாமல், இல்லாத நாற்காலியை எழுதுகிற ஆளை நான் உங்களைத் தவிரப் பார்த்ததில்லை.

முறத்தை வெளியே வைத்துவிட்டேன். அம்மா இலை கொடுக்கிற மண்டிக்காரர் கொட்டகைக்குப் போய் அங்கேயே சுற்றிவிட்டு வருகிறாள். நான் கையால் ஒரு இலையைத் தொட்டு பத்து நாள் ஆகிறது. உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரி நிஜமாகிவிட்டது. சந்திராவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பொங்கலுக்கு வாருங்கள். தெருவில் நீங்கள் யார் என்று கேட்பார்கள், சொல்லுவதற்கு உங்களுக்குச் சிரமம் இருக்கும். அதனால் நானே வீடுவீடாகச் சொல்லிவைத்துவிட்டேன். கவர்மெண்ட் கச்சேரியில் டவாலி என்று.

கோமளம்


ஸ்ரீராம்புரம்
2-1-1959
(கார்டு)

சௌபாக்கியவதி கோமளத்துக்கு ஆசீர்வாதம். சுகம். கார்டில் இடம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். 13-ந் தேதி காலை ரயிலில் வருகிறேன். லீவு கேட்டேன், சூப்பிரண்டெண்டு இரண்டு நாள்தான் என்றார், பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

எப்படியும் தெருவுக்குச் சொல்லிவிட்டாய். ஆகையால் டவாலிப் பட்டையைப் போட்டுக்கொண்டே வரட்டுமா? வில்லை பித்தளை. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். எங்கள் கச்சேரியில் ஏழு பேர் டவாலி, மற்ற ஆறு பேருடையதும் மங்கல். இந்த அளவுக்குப் பளபளப்பு என்னுடையது ஒன்றுதான். கூட்டி எழுதவில்லை. சந்திரா கையில் கொடுக்கிறேன், அவள் முகம் அதில் தெரிகிறதா என்று நீயே பார்.

முனிகிருஷ்ணன்